கீழே நிற்பவள்

நகரக் கூடாது. அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆவுடையம்மாள் பாதையோரத்துப் பாறையில் உட்கார்ந்து, புருஷனின் கைக்கடிகாரத்தையும் செல்போனையும் முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மேலே போகும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வளைவு வரைக்கும்தான் பாதை தெரிந்தது. அதற்கப்புறம் வெள்ளை. மேகமா பனியா, யார் கண்டது. பாளையங்கோட்டையில் இந்நேரம் கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும், தெருநாய் சாக்கடை ஈரத்தில் போய்ப் படுத்திருக்கும். இங்கே மூக்கு நுனி இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தக் குளிருக்குத்தான் ஜனங்கள் மூன்று ராத்திரி ரயிலில் வந்து, வளைவுக்கு வளைவு பஸ்ஸில் வாந்தி எடுத்து, மூச்சு முட்ட ஏறுகிறார்கள். மேலே பனி கிடக்கிறதாம், பக்கத்தில் ஒரு அருவியாம், அதில் நின்று போட்டோ எடுக்க வேண்டுமாம். அவள் முட்டு இந்த வளைவோடு நின்றுவிட்டது. நல்லவேளை என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். முட்டு நின்றால் அவரும் நிற்பார், இரண்டு பேரும் இங்கேயே உட்கார்ந்து ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கீழே போய் பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம், இன்றைய பாடு கழிந்தது, இன்னும் நாலு நாள்தான், நாலு நாளை எப்படியாவது தள்ளிவிட்டால் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று. ஆனால் அவர் நிற்கவில்லை. அவரை அவள் மேலே போக விட்டுவிட்டாள். அவளேதான் விட்டாள். யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை.

சம்பந்தியம்மா அப்போது இடுப்பில் கை வைத்து நின்று சிரித்தாள். மகன் குமரேசனுக்குப் பெண் கொடுத்தவள், மங்கையர்க்கரசி டீச்சர், தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, காலில் வெள்ளை ஷூ. "மதினிக்கு வீட்டு நடையை விட்டு இறங்குறதே மலையிறங்குற மாதிரிலா," என்றாள். கூட வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். "அண்ணாச்சி, நீங்களும் மதினிக்குக் காவலா உக்காந்திறப் போறீயளா?" என்று அவரைக் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள், பரீட்சைத் தாளைப் பார்க்கிற பார்வை. புருஷன் பால்வண்ணம் என்ன சொல்லிவிடுவாரோ என்று ஆவுடை முந்திக்கொண்டாள். அவருக்குத் தொண்டை கட்டு மதினி என்று சொல்ல வாயைத் திறந்தாள். ரயிலேறியதிலிருந்து, அவர் பேசாமலிருக்க அவள் கண்டுபிடித்த அந்தத் தொண்டைக் கட்டுதான் அவளைக் காப்பாற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் அவர் கடிகாரத்தைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்தார். இரண்டையும் அவள் கையில் வைத்து, "ஏளா, இந்தா பிடி. நீ கீழ நில்லு. நான் இறங்குற வரைக்கும் இந்த எடத்தை விட்டு நகரக் கூடாது, என்ன?" என்றார். ஏளா என்றார். அவளுக்குக் காது அடைத்துப் போயிற்று. அந்த 'என்ன'வில் பழைய அதட்டல் அப்படியே இருந்தது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த காலமெல்லாம் கம்பத்தில் ஏறுமுன் செய்கிறது அதுதான். உடம்பில் இரும்பு ஒன்றும் இருக்கக் கூடாது என்று கடிகாரம், மோதிரம், அரைஞாணில் தொங்கும் சாவி எல்லாவற்றையும் கழற்றுவார். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து பிடுங்கிய ஃபியூஸ் கட்டையையும் சேர்த்துக் கீழே நிற்கிறவன் கையில் கொடுப்பார். மேலே இருக்கிறவன் உயிர் கீழே இருக்கிறவன் கையில் என்பார். வந்துவிட்டார், என் மனுஷன் திரும்பி வந்துவிட்டார் என்று இவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "சரி, பையப் போயிட்டு வாங்க," என்றாள். சொன்ன வாயை இப்போது என்ன செய்வது.

வந்தாரா, வரவில்லையா. மண்ணுக்குள் போன தண்ணீர் மாதிரி, அங்கே ஒரு நிமிஷம் இங்கே ஒரு நிமிஷம் எட்டிப் பார்க்கிறார், பிறகு இல்லை. பொங்கல் கழிந்து ஒரு நாள் காலையில், "காப்பி கெடைக்குமாங்க?" என்று கேட்டார். கேலி என்று நினைத்துக் கேலியாகவே, "கெடைக்குங்க," என்று கொடுத்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டு, "உங்களுக்கு ரொம்பச் சிரமம்," என்றார். அவர் முகத்தில் கேலி இல்லை. கல்யாண நாளிலிருந்து ஏளா, ஏட்டி, இவளே என்று கூப்பிட்ட வாய், கோபம் வந்தால் மூதி என்றுகூடச் சொன்ன வாய், மரியாதை கொடுக்க ஆரம்பித்தது அன்றைக்கு. ஒரு நாள் மூதி என்று திட்ட மாட்டாரா என்று ஏங்குகிற பொம்பளை உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். இன்னொரு நாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர் பக்கத்து வீட்டுக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருக்கிறார். அந்த வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே கூட்டி வந்து விட்டாள். "அவுகளுக்கு எப்பவும் வெளையாட்டுதான்," என்று ஆவுடையும் சிரித்தாள். சட்டென்று சிரிக்கப் பழகிக்கொண்டாள். தெருமுனைக் கம்பத்தைப் பார்த்து, இந்த லைன் யார் வீட்டுக்குப் போகிறது என்று அவர் கேட்டால், அதற்கும் சிரிப்பாள். அவரே இழுத்த லைன். அவர் வீட்டுக்கே போகிற லைன்.

மேலேயிருந்து இரண்டு கோவேறு கழுதைகள் இறங்கி வந்தன. அவை கண்ணில் படுவதற்கு முன்னாலேயே சத்தம் கேட்டு அவள் எழுந்துவிட்டாள், எழுந்து, பிறகு கழுத்து மணி என்று தெரிந்து உட்கார்ந்தாள். கழுதையோட்டி ஏதோ கேட்டான். இந்தி. தலையை ஆட்டினாள். ஆறாம் கிளாஸோடு நின்றவள், இந்த ஊரில் போர்டும் படிக்க முடியாது, பேச்சும் புரியாது. மேலே ஒரு பெரியவர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பார்த்தாயா என்று எப்படிக் கேட்பது. கேட்டு, அவன் பார்க்கவில்லை என்று சொன்னால் என்ன செய்வது, பார்த்தேன், தனியாக அந்தப் பக்கம் போனார் என்று சொன்னால் என்ன செய்வது. ஆனால் கூட்டத்தோடுதானே போயிருக்கிறார். டூர் மேனேஜர் ஜெபராஜ் கையில் மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிறான், குடையைப் பார்த்துக்கொண்டே வாங்க என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் கத்துவான். அவர் குடையைப் பார்ப்பாரா. எதற்காக அந்தக் குடை என்று ஞாபகம் இருக்குமா. வெள்ளையில் மஞ்சள் தெரியுமா. நேற்று ஓட்டலில் பாத்ரூம் கதவென்று வாசல் கதவைத் திறந்தவர். அதனால்தான் ராத்திரி அவர் வேஷ்டி முனையையும் தன் முந்தானையையும் முடிச்சுப் போட்டுக்கொண்டு படுத்தாள். முகூர்த்தத்தன்று போட்ட முடிச்சு மாதிரி. அதை நினைத்தால் சிரிப்பு வர வேண்டும். அவர் தூக்கத்தில் புரளும்போதெல்லாம் அவள் விழித்துக்கொண்டாள். அங்கே முடிச்சுப் போட்டவள் இங்கே ஏன் அவிழ்த்து விட்டாள்? சம்பந்தியம்மா சிரித்தாள் என்றா? ஏளா என்று ஒரு சொல் விழுந்தது என்றா? ஒரு சொல்லுக்கா, புத்தி கெட்டவளே, ஒரு சொல்லுக்கா.

அவரோடு வேலை பார்த்த இசக்கிமுத்து கம்பத்தில் சாகும்போதும் கீழே ஒருவன் நின்றிருந்தான். அதாவது நின்றிருக்க வேண்டும். டீ குடிக்கப் போனான், ஃபியூஸ் கட்டையைத் திண்டில் வைத்துவிட்டு. கரண்டு வரவில்லையே என்று தெருக்காரன் எவனோ எடுத்து மாட்டிவிட்டான். பால்வண்ணம்தான் ஏணி போட்டு ஏறி இறக்கினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து குளித்தவர் சாப்பிடவில்லை, "கீழ நிக்கிறவன் நகரக் கூடாதுளா, சாமியே கூப்பிட்டாலும் நகரக் கூடாது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தார். அதற்கப்புறம் எத்தனை மழை, எத்தனை புயல். காற்றடித்தால் ஊருக்குக் கரண்டு போகும், ஆவுடைக்கு உயிர் போகும். கை விளக்கை எடுத்துக்கொண்டு அவர் போன பிறகு வாசற்படியில் உட்காருவாள். தெருவில் விளக்கு எரிந்துவிட்டால் வேலை முடிந்தது, மனுஷன் இறங்கிவிட்டார் என்று அர்த்தம். ஊரெல்லாம் ஓவென்று சத்தம் போடும். அவள் உள்ளே போய்த் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு கம்பம்கூட அவரைத் தள்ளவில்லை. அப்படிப்பட்டவரைப் பென்ஷன் வாங்கிக்கொண்டு சாய்வு நாற்காலியில் இருக்கும்போதா கொண்டு போக வேண்டும், அதுவும் இப்படித் துண்டு துண்டாகவா, ஒரு கம்பத்துக்கு அப்புறம் ஒரு கம்பமாக விளக்கை அணைத்துக்கொண்டா.

மேலே பாதை குறுகலாக இருக்கும் என்று ஜெபராஜ் பஸ்ஸிலேயே சொன்னான். ஒரு பக்கம் கம்பி கட்டியிருக்கும், சில இடத்தில் இருக்காது, ஓரமாகப் போகாதீர்கள் என்றான். கம்பி இல்லாத இடத்தில் அவர் நின்று கீழே பார்ப்பார், உயரம் அவருக்குப் பயமில்லை, எல்லாம் மறந்த பிறகும் பயமில்லாததை மட்டும் மறக்கவில்லை. கால் வைத்தால். வைத்துவிட்டால் ஒரு நொடி. பிறகு ஊரில் என்ன சொல்வார்கள், பாவம், மலை பார்க்கப் போன இடத்தில் லைன்மேன் பால்வண்ணம் தவறிட்டார் என்பார்கள். நல்ல மனுஷன், புயலென்று பார்க்க மாட்டார், ராத்திரியென்று பார்க்க மாட்டார் என்பார்கள். யாருக்கும் தெரியாமலே போகும். பக்கத்து வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததும், காப்பி கிடைக்குமாங்க என்று கேட்டதும் தெரியாமலே போகும். முழு மனுஷனாகவே போட்டோவில் மாலை போட்டுத் தொங்குவார். ஆவுடை தன் வாயில் தானே ஒரு அடி அடித்துக்கொண்டாள். வாய் ஒன்றும் பேசவில்லை, நெஞ்சுதான் பேசியது, ஆனால் நெஞ்சை எப்படி அடிப்பது. பாறைக்குப் பக்கத்து டீக்கடைக்காரன் திரும்பிப் பார்த்தான். தாயே, கோமதி, நான் அப்படி நினைக்கவில்லை, அது வேற யாரோ நினைத்தது, இறக்கிக் கொடு, எப்படி இருந்தாலும் சரி, இறக்கி மட்டும் கொடு. மடியில் செல்போன் கனத்தது. அதை அவர் பையிலேயே விட்டிருந்தாலாவது கூப்பிட்டுப் பார்க்கலாம். இரும்பு கூடாது என்று இவளிடம் கொடுத்துவிட்டார். மலைக்கு எங்கே இருக்கிறது கரண்டு.

தூறல் ஆரம்பித்தது. தூறல் என்றால் ஊர்த் தூறல் இல்லை, ஒவ்வொரு சொட்டும் ஊசி. டீக்கடைக்காரன் தார்ப்பாய்க்குள்ளிருந்து கை காட்டினான், வா வா, உள்ளே வா. அவள் பாறையைத் தட்டிக் காட்டினாள், இங்கேதான் இருக்க வேண்டும் என்று. அவனுக்கு என்ன புரிந்ததோ, தலையிலடித்துக்கொண்டு உள்ளே போய், வாடகைக்கு விடுகிற கோட்டு ஒன்றை எடுத்து வந்து அவள் தோளில் போட்டான். தவிட்டு நிறத்தில், கம்பளி முடி வைத்த, முழங்காலுக்குக் கீழே தொங்குகிற கோட்டு. காது மூடுகிற குல்லா ஒன்றும் கொடுத்தான். நாலு பேர் போட்டுக் கழற்றிய வேர்வை நாற்றம் அடித்தது. போட்டுக்கொண்டாள். குமரேசன் பார்த்தால் சிரிப்பான். குமரேசன் இப்போதெல்லாம் சிரிப்பதில்லை. "அம்மா, அப்பா பேச்சு சரியில்லையே, உள்ளதைச் சொல்லு," என்று போனில் கேட்டான். "காது மந்தம்டா, வேறென்ன," என்றாள். அவன் பெண்டாட்டி ஒரு நாள் யாரோ ஒருத்தர் அப்பாவைப் பற்றிச் சொல்கிறாற்போல, "கோயம்புத்தூர்ல நல்ல இல்லம் இருக்காம் அத்தே. டாக்டரு நர்ஸு எல்லாம் அங்கேயே. வீட்டுல வெச்சுக் கஷ்டப்படறதுக்கு அது எவ்வளவோ மேல்," என்றாள். யாரோ ஒருத்தருக்குச் சொன்ன மாதிரியா அது? அதற்கப்புறம்தான் இந்த டூர். அப்பா பத்து நாள் ஊர் சுற்றி வரட்டும், எங்க அத்தையும் துணைக்கு வாராங்க என்றான் குமரேசன். துணைக்கா, வேவுக்கா. அவர் நிலைமை சம்பந்தியம்மா கண்ணில் பட்டால் அன்றைக்கே போன் போகும். அவரைக் கோயம்புத்தூரில் விட்டுவிட்டு, இவளைச் சென்னையில் பேத்தியைப் பார்த்துக்கொள்ள வைத்துக்கொள்வார்கள். எல்லாம் நல்லதுக்குத்தான் செய்வார்கள், அதுதான் கொடுமை, சண்டை போடக்கூட முடியாது. அங்கே முகம் தெரியாதவர்கள் அவருக்குச் சோறு போடுவார்கள். இங்கே மட்டும் என்ன, இவள் முகம் தெரிகிறதா. தெரியவில்லை என்றால் யார் போட்டால் என்ன. இல்லை, தெரிந்ததே, இன்றைக்குத் தெரிந்ததே, ஏளா என்றாரே. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் மறுபடியும் மேலே பார்த்தாள்.

கூட்டம் இறங்க ஆரம்பித்தது. எல்லாரும் அதே தவிட்டுக் கோட்டு, அதே குல்லா. மேலேயும் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். வெள்ளைக்குள்ளிருந்து வருகிற ஒவ்வொருவரும் அவர், பத்தடி வந்ததும் அவர் இல்லை. அவர் நடை, அவர் தோள், கிட்டே வந்தால் யாரோ வடக்கத்தியான். அவர்கள் கோஷ்டி ஆட்களும் வந்தார்கள், பனிக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, விறைத்த விரல்களைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு. "அக்கா, நீங்க வராதது ரொம்ப நல்லது, வழுக்கி விழுந்து எனக்கு இடுப்பே போச்சு," என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். மஞ்சள் குடை வந்தது. "எங்க அவுக?" என்றாள். "டீச்சர் கூட்டிட்டு வாராங்கம்மா, நீங்க பயப்படாதீங்க," என்றான் ஜெபராஜ். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பயப்படாதீங்க என்று யாரும் சும்மா சொல்வதில்லை. அவள் எழுந்து நின்றாள். முட்டு வலித்ததா, தெரியவில்லை.

வந்தார். மங்கையர்க்கரசி டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இல்லை, அவர்தான் அவள் கையைப் பிடித்திருந்தார், திருவிழாவில் பிள்ளைகள் பிடிக்கிற மாதிரி. உடம்பில் ஒரு காயமில்லை. திருநீறுகூட அழியவில்லை. ஆவுடைக்கு ஒரு மூச்சு வெளியே போயிற்று, அது எப்போதிலிருந்து உள்ளே இருந்ததோ. அவர் நேரே பாறைக்கு வந்தார். பாறையைப் பார்த்தார், பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார், டீக்கடைக்குள் எட்டிப் பார்த்தார். "இந்த எடந்தான். இங்கதான் நிக்கச் சொன்னேன்," என்றார். "இந்தா நிக்காங்கள்லா அண்ணாச்சி," என்றாள் டீச்சர். அவர் ஆவுடையைப் பார்த்தார். கோட்டு. கோட்டும் குல்லாவுமாக நின்றால் பெற்ற தாய்க்குக்கூட அடையாளம் தெரியாது, அவர் விட்டுப் போனது சேலை கட்டினவளை அல்லவா, கோட்டுதான், வேறொன்றுமில்லை. குல்லாவைப் பிடுங்கினாள். பொத்தான் வரவில்லை, இழுத்தாள், கோட்டைக் கழற்றிப் பாறையில் எறிந்தாள். பச்சைச் சேலை, மூக்குத்தி, நரைத்த வகிடு, எல்லாவற்றையும் மழையில் நிறுத்திக் காட்டினாள். "நான் நகரலீங்க," என்றாள். "நீங்க சொன்னபடியே நின்னேன். நகரவே இல்ல." முந்தானையை அவிழ்த்துக் கடிகாரத்தை நீட்டினாள்.

அவர் கடிகாரத்தை வாங்கினார். திருப்பிப் பார்த்துக் கையில் கட்டிக்கொண்டார். அவர் முகம் மலர்ந்தது, நல்ல முகம், காய்ப்பு விழுந்த கையால் தோளைத் தட்டிக் கொடுக்கிறவரின் முகம். "எம் பொண்டாட்டிட்ட குடுத்திருந்தேன். உங்ககிட்ட குடுத்துட்டுப் போயிருக்காளா?" என்றார். பிறகு அவள் நடுங்குவதைப் பார்த்துவிட்டுக் குனிந்து கோட்டை எடுத்தார். "நனையாதீங்கம்மா, போட்டுக்கிடுங்க. எங்க ஊர்க்காரங்க மாதிரி இருக்கீங்க, இந்தக் குளிரு நமக்கு ஆகாது." அவள் தோளில் பதவிசாக, விரல் படாமல் போர்த்தினார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "மேல வெச்சு என் கையைப் புடிச்சவங்க விடவே இல்ல. நீங்க எந்த வீட்டுப் பொண்ணும்மான்னு கேட்டாங்க," என்றாள். அப்புறம், "எத்தனை நாளா மதினி?" என்றாள். ஆவுடை கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள். "தொண்டைக்கட்டு தொண்டைக்கட்டுன்னு... எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா. தனியா எப்படி..." குரல் உடைந்தது. சிரித்தவள் அழுவாள் என்று ஆவுடை எதிர்பார்க்கவில்லை. அழுகிறவளைத் திட்டவும் முடியாது. டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லிருவோம். மறைச்சு என்ன ஆகப்போவுது," என்று செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி சிக்னல் தேடிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனாள். போகட்டும். இனி என்ன, போகட்டும்.

கீழே பஸ் ஹாரன் அடித்தது. ஜெபராஜ் குடையை ஆட்டினான். "நீங்க எல்லாரும் போங்க," என்றார் பால்வண்ணம். "அவ நகர மாட்டா. சொன்னா சொன்னதுதான் எம் பொண்டாட்டி. எங்கயோ ஒரு அவசரத்துக்குப் போயிருப்பா, வந்து நான் இல்லன்னா பயந்துருவா. நான் இங்கயே நிக்கேன்." பாறையில் உட்கார்ந்தார். ஆவுடையும் உட்கார்ந்தாள். அவர் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார், பஸ்ஸில் அந்நியப் பொம்பளை பக்கத்தில் உட்கார்ந்தால் ஒதுங்குகிற மாதிரி, நடுவில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு. "வந்திருவா," என்றார், தனக்கா அவளுக்கா என்று தெரியாமல். "வந்திருவா," என்றாள் அவளும். தூறல் நிற்கவில்லை. அவர் பெண்டாட்டி வருகிறாளா என்று கீழே போகும் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள், வளைவுக்கு அப்பால் இருந்த வெள்ளையை. ஏறினவர் இன்னும் இறங்கவில்லை.